நிலமும் பொழுதும்: யுகட்டான் கற்றாழை மண்ணில் நிலச் சீர்திருத்தம்

நிலத்தையும் பொழுதையும் ஒருசேர வைத்து, அவ்விரண்டையும் முதற்பொருள் என்று வகுத்தது தமிழ் இலக்கண மரபு. இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மாந்தர் வாழ்வை விளக்கிவிட இயலாது என்பது அம்மரபின் உட்கிடை. பாட்டிற்குச் சொன்ன இவ்விதி நிலவுடைமையின் வரலாற்றிற்கும் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் மெக்சிகோ நாட்டின் தென்கிழக்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் கதையை அறிதல் நலம். கற்றாழையை நம்பி வாழ்ந்த அம்மண்ணில் உழைப்பாளிக்கு விடுதலை மூன்று தவணைகளில் வந்தது. 1915இல் உடலுக்கு விடுதலை வந்தது. 1922இல் நாவிற்கு விடுதலை வந்தது. 1937இல் நிலமே அவன் பெயருக்கு எழுதப்பட்டது. ஆயினும் அவன் முதுகில் ஏறிய கடன் இறங்கவில்லை. நிலம் கிடைத்த பின்னும் கடன் இறங்காமல் நின்றது ஏன் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கல்லில் விளைந்த பொன்

தமிழகத்தில் தோட்ட வேலிகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் வளர்ந்து நிற்கும் ஆனைக்கற்றாழையை அறியாதார் இலர். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அந்த இனத்தைச் சேர்ந்ததே யுகட்டானின் ஹெனிக்கன். மாயா மக்கள் அதனைக் 'கி' என்னும் ஓரெழுத்துச் சொல்லால் அழைத்தனர். அதன் நாரில் கயிறு திரிப்பதும் வலைத்தூளி பின்னுவதும் அவர்களுடைய பழைய தொழில்கள்.

யுகட்டானின் வடமேற்குப் பகுதி முழுதும் சுண்ணாம்புப் பாறை. மேற்பரப்பில் ஆறு ஒன்றும் ஓடவில்லை. பெய்த மழை பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தேங்கும். பாறைக்கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் அந்நீர் வானத்தைப் பார்க்கும். அங்கு ஏர் செல்லாது. மாயா உழவர் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் கூர்ங்கோலால் குழியிட்டு மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விதைத்தனர். ஓரிரு ஆண்டு பயிர் செய்தபின் அந்நிலத்தைக் காட்டிற்கே திருப்பிக் கொடுத்து வேறிடம் சென்றனர். 'மில்பா' எனப்படும் இம்முறைக்கு வேலி கட்டிய சிறு துண்டு நிலம் போதாது; ஊருக்குப் பொதுவான பரந்த காடு வேண்டும். ஊர்ப் பொதுநிலம் பறிபோனால் சோளம் போயிற்று; சோளம் போனால் மாயா வாழ்வே போயிற்று என்பது பொருள்.

அப்பறிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரைந்து நடந்தது. அதன் எதிர்விளைவுகளில் ஒன்று 1847இல் வெடித்த 'சாதிப் போர்'. மாயா கிளர்ச்சியாளர் தீபகற்பத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றி, 1848இல் தலைநகர் மெரிதாவை நெருங்கினர். நகரம் வீழ்வது உறுதி என்றிருந்த வேளையில் முற்றுகை கலைந்தது. முதல் மழைக்கு அறிகுறியாகச் சிறகு முளைத்த எறும்புகள் கூட்டமாகப் பறக்கக் கண்டு, விதைக்கும் பொழுது வந்துவிட்டதென உழவர் படை வீடு திரும்பியது என்பது மாயா மக்களிடையே வழிவழி வந்த செய்தி. படைக்கலமும் உணவும் குறைந்ததையும் தலைவரிடையே நிலவிய பிளவையும் காரணமாகக் காட்டுவர் வரலாற்றாசிரியர். எதுவாயினும், ஈசல் பறந்தால் மழை வரும் என்றறிந்த மக்களுக்கு அச்செய்தியின் பொருள் எளிதில் விளங்கும். நிலத்திற்காகப் போரிட்டவர்களைப் பொழுது அழைத்துக்கொண்டது.

போரில் தென்கிழக்கின் கரும்புத் தோட்டங்கள் அழிந்தன. பண்ணையாரின் பார்வை வடமேற்கின் கற்பாறை நிலத்தின்மீது திரும்பியது. 1870களில் வட அமெரிக்கக் கோதுமை வயல்களுக்கு, அறுத்த கதிரைத் தானே கட்டும் இயந்திரம் வந்தது. முதலில் கம்பியால் கட்டினர். கம்பித்துண்டு தானியத்திலும் வைக்கோலிலும் கலந்து தீங்கு செய்ததால் நார்க்கயிற்றிற்கு மாறினர். அக்கயிற்றிற்கு ஹெனிக்கன் நார் மிகப் பொருந்தியது. எங்கோ கோதுமை விளைய, இங்கே சோளக்காடு கற்றாழைத் தோட்டமாயிற்று. நார் உரிக்கும் நீராவி இயந்திரங்கள் வந்தன. தோட்டத்தினூடே கோவேறு கழுதை இழுக்கும் தள்ளுவண்டிகளுக்குச் சிறு தண்டவாளங்கள் ஓடின. 'பச்சைப் பொன்' என்று பெயர் பெற்ற அந்நாரின் செல்வத்தில் மெரிதா நகரின் மொந்தேகோ பெருஞ்சாலையில் பளிங்கு மாளிகைகள் எழுந்தன.

செடியின் இரு பொழுதுகள்

இவ்வரலாற்றின் முடிச்சு இச்செடியின் இயல்பிலேயே இருக்கிறது. பக்கக்கன்றைப் பிரித்து நட்டபின் முதல் மடலை அறுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆண்டுதோறும் அடிமடல்களை அறுத்து வரலாம். இறுதியில் நடுவிலிருந்து நெடிய பூந்தண்டு எழும். பூத்த செடி பட்டுப்போகும். ஆகவே ஒரு பண்ணை நிலைத்து நடக்க வேண்டுமானால், இளங்கன்று நிற்கும் நிலமும், மடல் தரும் நிலமும், முதிர்ந்து ஓயும் நிலமும் எப்பொழுதும் ஓரளவில் கலந்திருத்தல் வேண்டும். கன்று வளரும் காலம் முழுதும் களையெடுக்க ஆள் வேண்டும், வருவாய் வாராது. அத்தனை ஆண்டு காத்திருக்க வசதி உள்ளவன் எவனோ அவனே ஹெனிக்கன் பயிரிட இயலும்.

இது நெடும்பொழுது. இதற்கு நேர்மாறான குறும்பொழுது ஒன்றும் உண்டு. அறுத்த மடலை ஓரிரு நாளுக்குள் இயந்திரத்தில் கொடுத்து நார் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் மடல் உலர்ந்து நார் கெடும். மடலின் எடையில் நாராவது நூற்றுக்கு நான்கு பங்குகூட இராது. எஞ்சியது சாறும் சக்கையும். அதனைத் தொலைவிற்குச் சுமந்து செல்வதும் கட்டுப்படியாகாது. எனவே இயந்திரம் தோட்டத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். அதன் உரிமையாளன் எந்நாளில் ஓட்டுகிறானோ அந்நாளில்தான் அறுப்பு.

ஆக, ஏழாண்டுக் காத்திருப்பைக் கடந்து செல்லக் கடன் வேண்டும். இரு நாள் விரைவை எட்டிப் பிடிக்க இயந்திரம் வேண்டும். கடனும் இயந்திரமும் எவர் கையில் உள்ளனவோ அவரே அச்செடிக்கு உடையவர். பத்திரத்தில் எவர் பெயர் இருப்பினும் இவ்வுண்மை மாறுவதில்லை.

பெரிய கணக்கும் சிறிய கணக்கும்

பண்ணையில் குடியிருந்த மாயா உழைப்பாளிக்கு இரண்டு கணக்குகள் இருந்தன. மாயாச் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் கலந்து அவற்றை 'நொஹோச் குவெந்தா' என்றும் 'சிச்சான் குவெந்தா' என்றும் கூறினர். முன்னது பெரிய கணக்கு, பின்னது சிறிய கணக்கு. பண்ணைக் கடையில் அன்றாடம் வாங்கும் சோளமும் துணியும் சிறிய கணக்கில் ஏறும். திருமணத்திற்கென ஆண்டை கொடுக்கும் முன்பணம் பெரிய கணக்கில் ஏறும். சிறிய கணக்கு வாரந்தோறும் கூலியில் கழியும். பெரிய கணக்கு கழிவதில்லை. கழியவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. கடன்பட்டவன் பண்ணையை விட்டு வெளியேறலாகாது என்பதற்காகவே அக்கணக்கு இருந்தது. ஓடிப்போனவனைப் பிடித்துக்கொண்டுவர ஆட்கள் இருந்தனர்; பிடிபட்டவனுக்குக் கசையடி காத்திருந்தது. கூலியில்லாமல் விடியலுக்கு முன் செய்யும் 'பகினா' என்னும் ஊழியமும் உண்டு.

உள்ளூர் மாயா மக்கள் போதாமல், சொனோராவில் கிளர்ச்சி செய்த யாக்கி பழங்குடியினரைப் போர்ஃபிரியோ தியாஸ் அரசு பிடித்து, ஆயிரக்கணக்கில் இங்கு நாடு கடத்தியது. 1905இல் கொரியாவிலிருந்து ஏறத்தாழ 1,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினர். அமெரிக்க இதழாளர் ஜான் கென்னத் டர்னர் 1910இல் வெளியிட்ட நூலில் இப்பண்ணைகளின் நிலையை அடிமைத்தனம் என்றே எழுதி உலகறியச் செய்தார்.

அடிமைகொண்ட ஆண்டைகளும் ஒருவகையில் கட்டுண்டவரே. அமெரிக்காவில் அறுவடை இயந்திர நிறுவனங்கள் சில 1902இல் ஒன்றிணைந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்னும் பெருங்குழுமம் ஆயின. அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் நாள், மாநில ஆளுநராக இருந்த ஒலகாரியோ மொலினாவின் வணிக நிறுவனம் அக்குழுமத்துடன் மறைவாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நாரின் விலையைத் தாழ்த்துவதற்குத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வது என்பது அதன் சாரம். நார் விற்கும் நாட்டின் ஆளுநரே நாரின் விலையைக் குறைக்க உடன்பட்டார். விலை வீழ்ச்சிக்கு இவ்வொப்பந்தம் எவ்வளவு காரணம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் இருபது, முப்பது குடும்பங்கள் மேலும் செழிக்க, ஏனைய பண்ணையார் அவர்களுக்குக் கடன்பட்டனர் என்பதில் ஐயமில்லை. அச்சில குடும்பங்களையே 'தெய்வீகச் சாதி' என ஏளனமாக அழைத்தனர். உழைப்பாளி பண்ணையாருக்கும், பண்ணையார் வணிகருக்கும், வணிகர் அயல்நாட்டு நிறுவனத்திற்கும் கடன்பட்ட அந்த ஏணியின் அடிப்படியில் நின்றவன் சுமந்ததே பெருஞ்சுமை.

உடலுக்கு வந்த விடுதலை

1910இல் மெக்சிகோவில் புரட்சி மூண்டது. யுகட்டானுக்கு அது வெளியிலிருந்தே வந்தது. கடன் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1914 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்டும் ஏட்டளவிலேயே நின்றது. 1915 மார்ச்சில் வெனுஸ்தியானோ கர்ரான்சாவின் தளபதி சால்வதோர் அல்வராதோ படையுடன் நுழைந்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. கணக்கேடுகள் செல்லாதவையாயின. கசையடி தடைசெய்யப்பட்டது. பண்ணையை விட்டு வெளியேறும் உரிமை பிறந்தது. பள்ளிகள் திறக்கப்பட்டன. 1916 சனவரியில் மெரிதாவில் மகளிர் மாநாடு ஒன்றும் கூடியது.

ஆனால் அல்வராதோ பண்ணைகளைப் பங்கிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் நார் விலை உயர்ந்தது. அந்நாரை முழுதும் வாங்கி விற்கும் வாரியத்தை அவர் தம் கைக்குள் வைத்திருந்தார். அவ்வருவாய் புரட்சி அரசின் படைச்செலவிற்குப் பேருதவியாயிற்று. பொன் முட்டையிடும் வாத்தைப் புரட்சியும் அறுக்க விரும்பவில்லை. கூலியை உயர்த்தி, அடியை நிறுத்தி, நிலத்தை நிலவுடைமையாளரிடமே விட்டுவைத்தது. 1917ஆம் ஆண்டு அரசமைப்பின் 27ஆம் பிரிவு ஊர்களுக்கு நிலம் வழங்க வழிவகுத்திருந்தது. எனினும் ஹெனிக்கன் வயலின் எல்லைக்கல்லில் அப்பிரிவு தடுக்கி நின்றது. போர் முடிந்ததும் விலை சரிந்தது; வாரியம் முறிந்தது.

நாவிற்கு வந்த விடுதலை

ஃபெலிப்பே கர்ரியோ புவெர்ட்டோ 1874இல் ஹெனிக்கன் மண்டலத்தின் நடுவே உள்ள மொத்துல் என்னும் ஊரில் பிறந்தவர். மாயா மொழியை இயல்பாகப் பேசியவர். தென்கிழக்குச் சோசலிசக் கட்சியின் தலைவராக, ஊர்தோறும் எதிர்ப்புச் சங்கங்களைக் கட்டியவர். 1922 பிப்ரவரி முதல் நாளில் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது அவர் மக்கள் முன் மாயா மொழியில் உரையாற்றினார். நானூறு ஆண்டுகளாக ஆணை கேட்கவும் அடி வாங்கவும் மட்டுமே அரசின் முன் நின்ற மக்கள், தம் தாய்மொழி அரசின் மொழியாக ஒலிக்கக் கேட்ட நாள் அது. அரசமைப்புச் சட்டத்தின் கருத்துகளையும் அவர் மாயா மொழியில் எடுத்துரைத்து வந்தார். உரிமை என்பது அயல்மொழியில் எழுதப்பட்டிருக்கும் வரையில் உரியவனுக்கு எட்டுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிலம் வழங்கும் விழாக்களை அவர் வியாழக்கிழமைதோறும் ஊர்களில் நடத்தினார். வழங்கப்பட்டவை பெரும்பாலும் கற்றாழை நில்லாத காட்டு நிலங்கள். பண்ணையாரின் வயலைத் தொடாத பங்கீடு என்று இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. செடியின் பொழுதுகளை மனத்திற்கொண்டு நோக்கின் மதிப்பீடு மாறும். காடு கிடைத்தால் மில்பா கிடைத்தது. மில்பா கிடைத்தால் வீட்டில் சோளம் இருந்தது. சோளம் உள்ளவன் குறைந்த கூலியை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஒரு பருவம் காத்திருக்க முடியும். அதாவது, கர்ரியோ வழங்கிய காட்டில் நிலத்துடன் பொழுதும் ஒட்டிக்கொண்டு வந்தது. பண்ணையார் அஞ்சியதும் அதனையே எனலாம். சோளமில்லாத குடிசைகளை நம்பியல்லவா அவர்களுடைய தோட்டங்கள் நின்றன!

1923இன் இறுதியில் அவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். உடையவரால் கைவிடப்பட்ட ஹெனிக்கன் பண்ணைகளை அரசு எடுத்துத் தொழிலாளரிடம் ஒப்படைக்க வழிசெய்யும் ஆணை வந்தது. அடுத்த சில நாள்களிலேயே, நடுவண் அரசை எதிர்த்து அதோல்ஃபோ தெ லா உவெர்த்தா எழுப்பிய இராணுவக் கலகம் யுகட்டானையும் பற்றிக்கொண்டது. தப்பிச் செல்ல முயன்ற கர்ரியோ கடற்கரையில் பிடிபட்டார். 1924 சனவரி 3ஆம் நாள் விடியலில், உடன்பிறந்தார் மூவருடனும் தோழர் ஒன்பதின்மருடனும் மெரிதாவின் கல்லறைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மணம்புரிய இருந்த அமெரிக்க இதழாளர் ஆல்மா ரீட் அப்போது சான்பிரான்சிஸ்கோவில் திருமண ஏற்பாட்டில் இருந்தார். அவருக்காகக் கர்ரியோவின் வேண்டுகோளின்படி கவிஞர் லூயிஸ் ரொசாதோ வேகா எழுத, ரிகார்தோ பால்மெரின் இசையமைத்த 'பெரெகிரினா' என்னும் பாட்டு இன்றும் யுகட்டானில் பாடப்படுகிறது. ஆணை தாளில் உறங்க, பாட்டு நாவில் வாழ்ந்தது. பாவலர் பெருமைகொள்ளத்தக்க செய்தி எனினும், இதில் துயரம் மிகுதி.

நிலத்திற்கு வந்த விடுதலை

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1934இல் குடியரசுத் தலைவரான லாசரோ கார்டெனாஸ், 1936இல் லா லகூனாவின் பருத்தி நிலங்களைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளித்தார். 1937 ஆகஸ்டில் அவரே யுகட்டானுக்கு வந்து தங்கினார். அம்மாதம் 8ஆம் நாள் வெளியான ஆணை ஹெனிக்கன் பண்ணைகளைப் பங்கிட்டது. பண்ணையார் ஒவ்வொருவரும் 300 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம். அதில் 150 ஹெக்டேர் கற்றாழை நிலமாக இருக்கலாம். மிஞ்சியது 'எஹிடோ' ஆகும். எஹிடோ என்பது ஊராருக்குப் பொதுவாக வழங்கப்படும் நிலம், பயன்படுத்தலாம், விற்கலாகாது. கர்ரியோ தொட அஞ்சிய வயலைக் கார்டெனாஸ் தொட்டார். மெக்சிகோவின் நில வரலாற்றில் இதற்கு ஒப்பான துணிவு அரிது.

ஆனால் பண்ணையாருக்கென விடப்பட்ட நிலத்தின் நடுவே பண்ணை வீடும், அதனருகே இயந்திரக் கூடமும், தண்டவாளம் வந்து சேரும் முற்றமும் இருந்தன. நிலம் ஊரின் பெயருக்கு வந்தது; நிலத்தை நாராக மாற்றும் இயந்திரம் பழைய ஆண்டையிடம் நின்றது. ஒரே உடம்பாக இயங்கிய பண்ணையை ஊரெல்லைக் கோட்டால் அறுத்தபோது, ஓர் ஊருக்கு இளங்கன்று மட்டும் வாய்த்தது. ஏழாண்டு காத்திருக்க வேண்டும். மற்றோர் ஊருக்குப் பூந்தண்டு எழுந்த கிழச்செடி மட்டும் வாய்த்தது. ஓரிரு ஆண்டில் வெறும் நிலமாகும். பண்ணையிலேயே தலைமுறைகளாகக் குடியிருந்து செடியை அறிந்தவனுக்கும், பக்கத்து ஊரிலிருந்து பங்கு கேட்டு வந்தவனுக்கும் பூசல் மூண்டது. அளவு நூல் கொண்டு நிலத்தைப் பிரித்த அதிகாரிகள் செடியின் அகவையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இக்குறைகளைச் சீர்செய்வதாகக் கூறி 1938இல் மாநில ஆளுநர் ஊர்களின் நிலங்களையெல்லாம் ஒரே பேரமைப்பாக இணைத்தார். 'யுகட்டான் ஹெனிக்கன் விளைவிப்போர்' என்று அதற்குப் பெயர். பெயரில் இருந்த விளைவிப்போர் ஆட்சியில் இல்லை. எங்கு நடுவது, எப்பொழுது அறுப்பது, எவ்விலைக்கு விற்பது என்பவற்றை அலுவலர் முடிவு செய்தனர். இயந்திர உரிமையாளருக்கு விளைவில் பெரும்பங்கு சென்றது. இரண்டாம் உலகப்போரில் நார் விலை மீண்டும் உயர்ந்தபோது அவ்வருவாயின் சிறு துளியே அறுப்பவனை எட்டியது.

முன்பணம் என்னும் பழஞ்சொல்

1955இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. நடுவண் அரசின் எஹிடோ வங்கி முழுப் பொறுப்பேற்றது. அவ்வங்கி தொழிலாளிக்கு வாரந்தோறும் பணம் கொடுத்தது. அதைக் கூலி என்று அழைக்கவில்லை. சட்டப்படி அவன் நிலத்திற்கு உடையவன். உடையவனுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது? ஆகவே அதற்கு 'முன்பணம்' என்று பெயரிட்டனர். வருங்கால ஆதாயத்தின்மேல் கொடுக்கப்படும் கடன் அது. நார் விற்று ஆதாயம் வந்தால் முன்பணம் போக மீதம் அவனுக்குச் சேரும். ஆதாயம் அரிதாகவே வந்தது. கணக்கேட்டில் கடனே வளர்ந்தது.

நொஹோச் குவெந்தா என்னும் பெரிய கணக்கை 1915இல் எரித்தாயிற்று என்று எண்ணியிருந்தவர்க்கு, அது வேறு மேசையின்மேல் வேறு மையால் எழுதப்பட்டு மீண்டும் கண்முன் நின்றது. வேறுபாடு இல்லாமலில்லை. கசை இல்லை, ஓடினவனைப் பிடிக்க ஆள் இல்லை, மகன் பள்ளி செல்லலாம், வேண்டாமெனில் ஊரை விட்டுப் போகலாம். இவை சிறியன அல்ல. ஆயினும், தான் உடைமை கொண்ட நிலத்தில் எந்நாள் அறுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஃபெர்னாந்தோ பெனீத்தெஸ் 1956இல் வெளியிட்ட தம் நூலுக்குச் செடியின் மாயாப் பெயராகிய 'கி' என்பதையே தலைப்பாக இட்டு, ஒரு மக்களும் ஒரு செடியும் பிணைந்து கிடக்கும் இத்துயரை எழுதினார்.

1961இல் கயிற்றாலை முதலாளிகள் இணைந்து 'கொர்டெமெக்ஸ்' என்னும் நிறுவனத்தை அமைத்தனர். 1964இல் அரசு அதனை விலைக்கு வாங்கிப் பொதுத்துறையாக்கியது. உலகச் சந்தையோ கைநழுவிக்கொண்டிருந்தது. யுகட்டானின் பழைய துறைமுகமான சிசாலின் பெயரால் வழங்கும் உறவுக் கற்றாழையை, 1893இல் ரிச்சர்டு ஹின்டார்ஃப் என்னும் ஜெர்மானியர் புளோரிடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு வரவழைத்தார். அனுப்பிய 1,000 கன்றுகளில் உயிர் தப்பியவை 62 மட்டுமே. அவற்றின் வழிவந்த செடிகள் தங்கனிக்காவைப் பெரும் நார் நாடாக்கின. பின்னர்ப் பிரேசிலும் முன்வந்தது. அறுப்பும் அடிப்பும் ஒருங்கே செய்யும் புதிய இயந்திரங்களுக்குக் கட்டுக்கயிறே தேவைப்படவில்லை. இறுதியில் செயற்கை இழை வந்து எஞ்சிய சந்தையையும் எடுத்துக்கொண்டது.

நிலப் பங்கீடே தொழிலை அழித்தது என்று பழைய பண்ணையார் வழியினர் நெடுங்காலம் கூறி வந்தனர். காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. யுகட்டானின் ஏகபோகம் முதல் உலகப்போரின் பின்னரே சரியத் தொடங்கிவிட்டது. கார்டெனாஸின் ஆணை பிறந்தது 1937இல். இறங்குமுகத்தில் இருந்த தொழிலையே உழைப்பாளிக்குக் கொடுத்தனர். ஏறுமுகத்தின் ஆதாயம் பளிங்கு மாளிகைகளாகிவிட்டது. இறங்குமுகத்தின் நட்டமே எஹிடோவிற்குப் பங்காக வந்தது.

1991இல் கொர்டெமெக்ஸின் கதை முடிந்தது. தொழிலாளருக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கு தீர்க்கப்பட்டது. 1992இல் அரசமைப்பின் 27ஆம் பிரிவு திருத்தப்பட்டு, நிலம் வழங்கும் கடப்பாடு முடிவுற்றது. எஹிடோ நிலத்தைத் தனியுடைமையாக்கி விற்கவும் வாயில் திறந்தது. இளைஞர் பலர் கான்கூன் கடற்கரையின் விடுதிப் பணிக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். கைவிடப்பட்ட பண்ணை வீடுகளில் சில புதுப்பிக்கப்பட்டுச் செல்வர் தங்கும் விடுதிகளாயின. அவற்றுள் ஒன்றான தெமொசோனில் 1999இலும் 2007இலும் அமெரிக்க, மெக்சிகோ குடியரசுத் தலைவர்கள் சந்தித்துப் பேசினர். சக்கை நாறிய முற்றங்களில் இன்று புல்தரை விரிந்திருக்கிறது.

எஞ்சும் பாடம்

இக்கதையைக் கேட்டு, நிலச் சீர்திருத்தம் வீண் என்று முடிவு கட்டுவோர் உண்டாயின் அவர்கள் 1915க்கு முந்திய கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். மனிதனை விலையிட்ட ஏடு அது. அது கிழிந்தது நன்று. ஊர்ப் பொதுநிலம் மீண்டது நன்று. மாயா மொழி அரசு மேடையில் ஒலித்தது நன்று. பிழை, கொடுத்ததில் இல்லை. கொடாமல் நிறுத்திவைத்ததில் இருக்கிறது.

உழுபவனுக்கே நிலம் என்னும் முழக்கம் நெல்வயலில் பிறந்தவர்க்கு எளிதில் விளங்கும். உழவே இல்லாத கற்பாறையில், ஏழாண்டு காத்து இரு நாளில் விரையவேண்டிய ஒரு செடிக்கு அம்முழக்கம் போதவில்லை. அங்கு நிலத்துடன் காத்திருக்கும் வலிமையும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவே உழைப்பாளியின் கைக்கு எட்டும் கடன். விரையும் வலிமையும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவே உழைப்பாளிக்கு உரிமையான இயந்திரம். காட்டு நிலத்தைச் சோளத்திற்கென வழங்கிய கர்ரியோவிடம் இவ்வுணர்வின் முதற்பொறி இருந்தது. ஈராண்டில் அப்பொறி அணைக்கப்பட்டது. வயலையே வழங்கிய கார்டெனாஸின் துணிவு பெரிது. ஆனால் அவர் ஆணை நிலத்தின் அளவை எழுதியதேயன்றிச் செடியின் அகவையை எழுதவில்லை.

அமெரிக்கக் கண்டத்தின் மறுகோடியில், தமிழிலக்கணத்தை அறியாத ஒரு மக்கள் தம் வாழ்வால் மெய்ப்பித்த உண்மை இது. மெரிதாவின் வாயிலிலிருந்து விதைக்கத் திரும்பிய உழவன் பொழுதை அறிந்திருந்தான், நிலத்தை இழந்தான். அவன் பேரனுக்கும் பேரன் மகனுக்கும் நிலம் கிடைத்தது; பொழுது வங்கியின் பெட்டகத்தில் இருந்தது. நிலமும் பொழுதும் ஒருவன் கையில் ஒருங்கே வந்து சேரும் நாளிலேதான் அவன் தன் மண்ணில் நின்று, இன்று அறுப்பேன் என்றோ, இன்னும் பொறுப்பேன் என்றோ தானே சொல்ல முடியும்.